பச்சைச் சல்லடை

ஆகஸ்ட் 10, 1937. செவ்வாய்

நேற்று எங்கள் வாண மருந்துக் கொட்டகைகளில் இருந்தவர்கள்: என் மகன் ஜெரார்டோ. அவன் மனைவி அசுந்தா. குண்டுகளுக்கு நூல் சுற்றுகிற விதவை பிலிப்பா. காகிதக் குழாய் செய்கிற கொசிமோ. பத்து மணிக்கு வந்து, திருவிழாவுக்கு எத்தனை வாணம் என்று கேட்டுவிட்டுப் போன செலஸ்தே சாமியார். பிறகு நான், நுன்சியாட்டா. பேத்தி டோரிஸ் இல்லை. திருவிழா ஊர்வலத்தில் தேவதூதர் வேஷம் போட, சம்மனசு இறக்கை கட்டிப் பார்க்க மாதா கோயிலுக்குப் போயிருந்தாள்.

பிலிப்பா நீலத் தலைத்துணி கட்டியிருந்தாள். கொசிமோவின் இடது சப்பாத்துக்குக் கயிறு இல்லை. சாமியார் தண்ணீர் கேட்டு வாங்கி, பாதி குடித்து, மீதியைத் தக்காளிச் செடிக்கு ஊற்றினார்.

இன்று காலை அரசாங்க அதிகாரி வந்தார். எல்லாரையும் விசாரித்தார், என்னைத் தவிர. எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது, நாவிதன் நிக்கோலாதான் மொழிபெயர்த்தான். என்னைக் கைகாட்டி அதிகாரி ஏதோ கேட்க, இவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். என்னவென்று டோரிஸைக் கேட்டேன்.

"வயசான கிழவி, அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுதுன்னு சொல்றாரு பாட்டி."

எனக்கா? 1889இல் இந்தத் தேசத்துக்கு வந்த கப்பலில் என் பக்கத்தில் படுத்து வந்தவளின் மூக்குத்தழும்பு எந்தப் பக்கம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். வலது பக்கம். நிக்கோலா, உன் அப்பன் என்னிடம் இரவல் வாங்கிய செப்புப் பானை 1911இல் போனது இன்னும் வரவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

கன்னியாஸ்திரீகளிடம் இரண்டு குளிர்காலம் படித்ததுதான் என் படிப்பு. டோரிஸின் பழைய பள்ளி நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. கேட்காதவர்களுக்காக இதில் எழுதி வைக்கிறேன்.

ஜெரார்டோ செத்துப்போனான். மத்தியானம் இரண்டு மணிக்குமேல், பச்சைக் கொட்டகையில். இதை எழுதத்தான் இவ்வளவும் சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11. புதன்

அவரைக்கொட்டை ஊறப்போட்டேன். யார் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரியாமலே ஊறப்போட்டேன்.

அசுந்தா சமையலறைக்கு வந்து அடுப்பைப் பார்த்துவிட்டு டோரிஸிடம் சொன்னாள்: "பாட்டிகிட்ட கறுப்புத் துணி சாயம் போட தண்ணி காயுதுன்னு சொல்லு."

நான் டோரிஸிடம் சொன்னேன்: "உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்குக் கறுப்பு இருக்கு. உங்க தாத்தா செத்ததிலேருந்து வேற நிறம் நான் கட்டல."

மூன்று பேரும் ஒரே மேசையருகில்தான் நின்றோம். எங்கள் வீட்டுப் பேச்சு பதினோரு வருடமாக இப்படித்தான். முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைக்க வேண்டும். எங்கள் சொந்த ஊர் மலையில் நாய்க்குக்கூடத் தெரிந்த வழக்கம். அசுந்தா கடற்கரைப் பட்டணத்துக்காரி. ஞானஸ்நானத் தொட்டியருகே நான் புதுச் சால்வை போர்த்தி நிற்க, சாமியார் பெயர் கேட்க, இவள் "டோரிஸ்" என்றாள். ஏதோ பத்திரிகையில் பார்த்த பெயராம். சால்வையை அங்கேயே மடித்தேன். அன்றிலிருந்து அவளிடம் நான் நேராகப் பேசியதில்லை. அவளும் நாலு மாதம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பிள்ளைக்கு நாலு வயதானதிலிருந்து அவள்தான் தபால். அதற்கு முன்பு ஜெரார்டோ.

ஆகஸ்ட் 12. வியாழன்

அடக்கம். பெட்டியைத் திறக்க விடவில்லை.

ஆகஸ்ட் 13. வெள்ளி

அதிகாரி மறுபடி வந்து சாம்பலைக் கிளறினார். பச்சைக் கொட்டகை இருந்த இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி, புல்லில், ஒரு சல்லடையின் வளையம் அகப்பட்டது. பச்சை நூல் சுற்றிய வளையம். அதைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இது அந்த அதிகாரிக்குப் புரியாது. அதனால் எழுதுகிறேன்.

இந்த வாணத் தொழிலை இங்கே தொடங்கியவர் என் வீட்டுக்காரர் டொனாட்டோ. ஒரு நிறத்துக்கு ஒரு கொட்டகை என்று கட்டினார். ஒரு நிறத்தின் கலவை ஒரு ஆளுக்குத்தான் தெரியும். சிவப்பு ஜெரார்டோவுக்கு. பச்சை எனக்கு. பொன்மழை அசுந்தாவுக்கு, வந்த மருமகள் என்பதால் எல்லாவற்றிலும் சுலபமானது. டொனாட்டோவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். எதையும் எழுதி வைக்க விடமாட்டார். இரண்டு நிறம் தெரிந்தவன் மூன்றாம் நாள் தனிக்கடை போடுவான் என்பார்.

ஒவ்வொரு கொட்டகைக்கும் சொந்தச் சல்லடை உண்டு. வளையத்தில் அந்தந்த நிற நூல் சுற்றியிருக்கும். சல்லடை கொட்டகை மாறக்கூடாது. மாறினால் பார்பரம்மாளுக்கு ஆகாது, வீட்டில் சாவு விழும் என்று சொல்லி வைத்திருந்தார். மின்னலுக்கும் வெடிமருந்துக்கும் காவல் நிற்கும் புனிதை அவள். ஒவ்வொரு கதவிலும் அவள் படம் ஒட்டியிருக்கும்.

அசுந்தா இதைக் கேட்டுச் சிரித்தவள். "பார்பரம்மாளுக்கு வேற வேலை இல்லையா, சல்லடையை எண்ணிக்கிட்டு இருக்க?" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

ஆகஸ்ட் 14. சனி

கொசிமோ தாடி மழிக்காமல் வந்து வாசலில் உட்கார்ந்தான். "அண்ணன் இருந்திருந்தா" என்று டொனாட்டோவைப் பற்றி ஆரம்பித்தான். எல்லாரும் இப்போது அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

டொனாட்டோ எப்படிப்பட்டவர் என்று நான் சொல்கிறேன். இந்த ஊரில் இறங்கியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது, எனக்கு இருபது. ரயில் பாதைக்குக் கல் உடைத்தார். கூட்டாளிகள் ஞாயிறு குடிக்கப் போவார்கள். இவர் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு உருட்டிக் குழாய் செய்வார். கரிக்கு வில்லோ மரம் தேடி ஆற்றோரம் மைல் கணக்கில் நடப்பார். எரித்த கரியை நாக்கில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்வார். வலது கையில் இரண்டு விரல் 1893இல் போயிற்று. "மிச்சம் எட்டு இருக்கே" என்றார்.

1895 மாதா திருவிழாவில் முதல் வாணம் விட்டார். உருக்காலைக்காரர்கள், ஜெர்மன்காரர்கள், எங்களைப் பார்த்தால் எச்சில் துப்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். வானத்தில் பச்சை விரிந்தது. அந்தப் பச்சை இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதை அரைத்தவள் நான். மேளக்காரர்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். நான் கீழே நின்று அவருடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கைக்குழந்தை ஜெரார்டோவைத் தொட்டிலில் போட்டு, தொட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டுத்தான் அரைப்பேன். உள்ளே கொண்டு போகமாட்டேன். ஒருநாளும் உள்ளே கொண்டு போனதில்லை.

ஆகஸ்ட் 15. ஞாயிறு. மாதா திருவிழா

அதிகாரி மிச்சக் குண்டுகளுக்கு முத்திரை வைத்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரன் தன் வாணங்களைக் கொண்டு வரட்டுமா என்று சாமியாரைக் கேட்டானாம். இந்தப் பிணந்தின்னியின் பெயரும் எனக்குத் தெரியும்.

வானம் கறுப்பாகவே இருந்தது. டோரிஸ் இறக்கை கட்டவில்லை.

ஆகஸ்ட் 17. செவ்வாய்

ஊருக்கு ஆள் கிடைத்துவிட்டது. வெடித்த அன்று, திங்கள் காலை, அசுந்தா பச்சை நூல் சல்லடையோடு தன் கொட்டகைக்குப் போனதைப் பார்த்ததாகப் பிலிப்பா அதிகாரியிடம் சொல்லியிருக்கிறாள். வெடிமருந்து பற்றிப் படித்த யாரோ வந்து, பொன்மழையில் இருக்கும் கந்தகம் அந்தச் சல்லடையில் ஒட்டியிருந்திருக்கும், அது பச்சை மருந்தில் இருக்கும் வெள்ளை உப்போடு உரசினால் வெடிக்க நெருப்பே வேண்டாம் என்றாராம். அடுத்த வாரம் வியாழன் நகர மண்டபத்தில் மரண விசாரணை. வேண்டுமென்றே விதியை மீறினாள் என்று தீர்ப்பானால் அசுந்தாவுக்குச் சிறை என்கிறார்கள்.

ரொட்டிக் கடையில் இரண்டு பெண்கள் அவளுக்கு முதுகைத் திருப்பினார்கள். டோரிஸ் வந்து சொன்னாள். நான் நல்லது என்றேன். பிள்ளை என்னையே பார்த்தாள்.

"பாட்டி, அம்மா ஜெயிலுக்குப் போனா நான் யார்கிட்ட இருப்பேன்?"

"என்கிட்ட."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் பேச வேண்டியதில்ல," என்றாள்.

பதினோரு வயதுக்கு நாக்கு நீளம். பட்டணத்து ரத்தம்.

ஆகஸ்ட் 19. வியாழன்

கறுப்புத் துணிகள் துவைத்தேன். சாயம் இன்னும் போகிறது.

டொனாட்டோவுக்கு ரோக்கோ என்று ஒரு தம்பி இருந்தான். 1899 ஜூன் மாதம் பச்சைக் கொட்டகையோடு போனான். சப்பாத்து ஆணி தரையில் உரசித் தீப்பிடித்தது என்று டொனாட்டோ எல்லாரிடமும் சொன்னார். அன்றிலிருந்து ஆணி வைத்த சப்பாத்து யாரும் போடுவதில்லை. கொசிமோ இன்றைக்கும் ஆணியில்லாத சப்பாத்தில்தான் நடக்கிறான்.

ஆணி இல்லை. பொன்மழைச் சல்லடை கிழிந்திருந்தது, ரோக்கோ பச்சைச் சல்லடையில் அதைச் சலித்துவிட்டு அப்படியே மாட்டிவிட்டான், மறுநாள் நான் அளந்து வைத்திருந்த பச்சையை அதிலேயே சலித்தான். டொனாட்டோவுக்கு இது தெரியும். அவர் சொல்லி எனக்குத் தெரியும். காரணத்தை வெளியே சொன்னால் எந்த நிறத்தில் என்ன சரக்கு என்று ஊருக்குத் தெரிந்துபோகும் என்றார். ரோக்கோவின் பெட்டிமேல் என் கையை வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கினார். அதற்குப் பிறகுதான் சல்லடைக்கு நிற நூல் வந்தது. பார்பரம்மாளின் கோபமும் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஜெரார்டோவிடம்கூடச் சொன்னதில்லை. சல்லடை மாறக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

ஆக, அந்தக் காரணம் தெரிந்து உயிரோடு இருந்தது ஒரே ஆள்.

ஆகஸ்ட் 21. சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், பொறாமை, வெள்ளிக்கிழமை கறி தின்றது எல்லாம் சொன்னேன். சாமியார் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "மருமகளை மன்னிச்சியா அம்மா?" என்றார்.

"அவ என் மகனைக் கொன்னவ, சாமி."

"அவ தெரிஞ்சா செஞ்சா?"

நான் பலகையின் துளைகளை எண்ணினேன். அவர் பாவப்பொறுத்தல் கொடுக்கவில்லை. வியாழன் கழித்து வா என்றார். பத்து மணிக்குத் தண்ணீரில் பாதியைச் செடிக்கு ஊற்றிய இந்த மனுஷர் அன்று இன்னொரு நிமிடம் நின்றிருந்தால் எல்லாவற்றையும் பார்த்திருப்பார்.

அந்தத் திங்கட்கிழமை சாமியார் வெளியேறி, வேலிப் படல் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் பச்சைக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து திரி முறுக்கிக்கொண்டிருந்தேன். இந்த வருடம் கை நடுக்கம் அதிகம். அதனால் முதல் முறையாகப் பச்சையின் அளவை ஜெரார்டோவிடம் சொல்லியிருந்தேன். மத்தியானம் அவன் கலக்குவதாக இருந்தது.

அசுந்தா வந்தாள். நிழல் என் மடியில் விழுந்தது. கையில் அவளுடைய மஞ்சள் நூல் சல்லடை, நடுவே கை நுழைகிற அளவுக்குக் கிழிசல். சுற்றிலும் பார்த்தாள். டோரிஸ் கோயிலில் இருந்தாள். ஜெரார்டோ ஆற்றங்கரையில் வாணம் விடும் குழாய் புதைக்க இடம் பார்க்கப் போயிருந்தான். தபாலுக்கு ஆளில்லை.

"அத்தை," என்றாள்.

பதினோரு வருடத்துக்குப் பிறகு.

"அத்தை, என் சல்லடை கிழிஞ்சுபோச்சு. திருவிழாவுக்கு ஆறு நாள்தான் இருக்கு. உங்க சல்லடையை ஒரு மணி நேரம் எடுத்துக்கட்டுமா? ஆகாதுன்னா சொல்லிடுங்க, எடுக்கல."

நான் திரி முறுக்கினேன்.

"பார்பரம்மாளுக்காகச் சொல்றீங்களா, இல்ல நெசமாவே ஏதாவது இருக்கா அத்தை?"

அதையும் கேட்டாள். அவள் வார்த்தை ஒன்றுகூட நான் மாற்றவில்லை.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆணியிலிருந்து சல்லடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 22. ஞாயிறு

பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 24. செவ்வாய்

சத்தியத்துக்காகத்தான் பேசவில்லை என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்வதற்கு டொனாட்டோவின் சத்தியம் தடையில்லை. காரணத்தைச் சொல்லக்கூடாது என்றுதான் சத்தியம்.

அன்று பதினொன்றரைக்கு அவள் சல்லடையைத் திருப்பிக் கொண்டு வந்தாள். இரண்டு தரம் தட்டித் தூசி போக்கி ஆணியில் மாட்டினாள். கண்ணுக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? சனிக்கிழமை மாலை நான் துடைத்துக் காயவைத்திருந்ததால்தான் காலையில் அவள் தப்பினாள். என் சுத்தம் அவளைக் காப்பாற்றியது. இதையும் யாரும் கேட்கவில்லை.

நான் எழுந்து துடைத்திருக்கலாம். துணி என் காலடியில்தான் கிடந்தது.

அவள் செய்ததை ராத்திரிச் சாப்பாட்டில் போட்டுக்கொடுக்க வைத்திருந்தேன். எல்லாரும் மேசையில் உட்கார்ந்ததும், "உங்கம்மாகிட்ட கேளு டோரிஸ், பச்சைச் சல்லடையை யாரைக் கேட்டு எடுத்தான்னு," என்று சொல்லவேண்டும். ஜெரார்டோ கரண்டியைக் கீழே வைப்பான். அவன் கோபம் அப்படித்தான் தொடங்கும். அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால், மத்தியானமே, அவன் கலக்கத் தொடங்கும் முன்பு துடைத்துக் கொடுத்துவிடலாம் என்றும் இருந்தது. உண்மையாகவே இருந்தது. ஒரு மணிக்கு முதுகு வலித்தது. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் சாய்ந்தேன்.

ஜன்னல் கண்ணாடி என் மேல் விழுந்துதான் எழுந்தேன்.

ஆகஸ்ட் 25. புதன்

டோரிஸின் சீருடைக்குப் பொத்தான் தைத்தேன். நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். சத்தியம் பெட்டியோடு போகட்டும்.

ஆகஸ்ட் 26. வியாழன்

நகர மண்டபத்தில் இருந்தவர்கள்: விசாரணை அதிகாரி, ஜூரி ஆறு பேர், அவர்களில் இரண்டு பேருக்கு வழுக்கை. மொழிபெயர்க்க நிக்கோலா. செலஸ்தே சாமியார், பிலிப்பா, கொசிமோ. ரொட்டிக் கடைப் பெண்கள் இரண்டு பேரும் முன் வரிசையில். என் பக்கத்தில் டோரிஸ். எதிரே தனி நாற்காலியில் அசுந்தா, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

பிலிப்பா பார்த்ததைச் சொன்னாள். அசுந்தா ஆமாம் என்றாள். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கேட்டார்கள்.

நான் எழுந்தேன். எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லை.

"என்னைக் கேட்டுத்தான்," என்றேன். "அவ வந்து கேட்டா. நான் பதில் சொல்லல. சல்லடை மாறினா என்னாகும்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. ரோக்கோ செத்ததும் அப்படித்தான், ஆணியால இல்ல. அவ திருப்பி மாட்டினதையும் பார்த்தேன். என் மகன்கிட்ட சொல்லல. எழுதிக்கோங்க."

நிக்கோலா வாயைத் திறந்துகொண்டு நின்றான். மொழிபெயர்க்கவில்லை. "என்ன சொல்றாங்க?" என்று அதிகாரி இரண்டு தரம் கேட்டார்.

அசுந்தா என்னைப் பார்த்தாள். பிறகு நிக்கோலாவிடம், எங்கள் பேச்சிலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அதை எழுத வேண்டாம்னு சொல்லுங்கண்ணே. மகன் போனதிலேருந்து அத்தைக்கு நினைவு தப்பிப்போச்சு. இன்னைக்கு நடந்ததை நாப்பது வருஷம் முன்னாடின்னு சொல்றாங்க, அன்னைக்கு நடந்ததை இன்னைக்குன்னு சொல்றாங்க. நான் யாரையும் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லைன்னு இந்த ஊருக்கே தெரியும். நானாத்தான் எடுத்தேன்."

"பொய்!" என்றேன். "அத்தைன்னு கூப்பிட்டா. 'ஆகாதுன்னா சொல்லிடுங்க'ன்னா. அவ நிழல் என் மடியில..."

கொசிமோ வந்து என் தோளைப் பிடித்தான். "உக்காருங்க மதினி, உக்காருங்க." ரொட்டிக் கடைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். வழுக்கை ஜூரி ஒருவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து ஆட்டுகிற மாதிரி.

தீர்ப்பு: அசுந்தாவின் கவனக்குறைவு, வேண்டுமென்று செய்ததல்ல. சிறை இல்லை. தொழில் உரிமம் ரத்து.

வீட்டுக்கு நடந்து வந்தோம். டோரிஸ் முன்னால் போனாள். பாலத்தின் மேல், பதினோரு வருடத்தில் முதல் முறையாக, அவளிடம் நேராகக் கேட்டேன்:

"ஏண்டி பொய் சொன்னே?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை. எனக்குக் காது கேட்காமல் போயிற்றோ என்று நினைத்தேன். இல்லை. அவள் பதில் சொல்லவில்லை.

செப்டம்பர் 12. ஞாயிறு

கொட்டகைகளைப் பிரித்துப் பலகைகளை எடுத்துப் போய்விட்டார்கள். அசுந்தா தகர ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். விரலெல்லாம் வெட்டு.

இப்போது அவள் என்னோடு பேசுகிறாள். "அத்தை, சூப் ஆறுது." "அத்தை, படியில மெதுவா." "அத்தை, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை." குரலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பாலத்தில் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மூன்று தரம் கேட்டுவிட்டேன். எழுந்து போய்த் தட்டைக் கழுவுகிறாள்.

ஊரும் என்னோடு மெதுவாக, உரக்கப் பேசுகிறது. நிக்கோலா நேற்று அவன் அப்பன் வாங்கிய செப்புப் பானையைத் துலக்கிக் கொண்டு வந்து, "இது உங்க பானை, ஞாபகம் இருக்கா பாட்டி?" என்றான். சாமியார் நானாகக் கேட்காமலே பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டார். நினைவு தப்பியவளுக்குப் பாவம் கிடையாது போலிருக்கிறது.

இன்று பூசை முடிந்து வந்ததும் டோரிஸைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அன்று இருந்தவர்களை முதலிலிருந்து சொன்னேன். நீலத் தலைத்துணி, சப்பாத்துக் கயிறு, தக்காளிச் செடி, கிழிசல், நிழல், துணி. ஒன்றையும் விடவில்லை.

"சரி பாட்டி," என்றாள்.

"நம்புறியா?"

பிள்ளை கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க அதைச் சொன்னா சரின்னு சொல்லணும்னு அம்மா சொல்லியிருக்காங்க."

நிக்கோலாவை மன்னித்தேன், பானை வந்துவிட்டது. பிலிப்பாவை மன்னித்தேன், அவள் பார்த்ததைத்தான் சொன்னாள். சாமியாரை மன்னித்தேன். பக்கத்து ஊர்ப் பிணந்தின்னியைக்கூட மன்னித்தேன். டொனாட்டோவை மன்னிக்க ஒரு வாரம் ஆயிற்று, அவரையும் மன்னித்தேன்.

என் மகனை நான் எப்படி இழந்தேன் என்று எனக்குத் தெரியும். எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைச் சபை நடுவே, எல்லார் முன்னிலையிலும், என் நன்மைக்காக என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டவள் ஒருத்தி. செத்தாலும் அவளை மன்னிக்கமாட்டேன். நினைவு தப்பி எழுதவில்லை. இன்று தேதி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, சூப் ஆறிக்கொண்டிருக்கிறது, அடுத்த அறையிலிருந்து என்னைக் கூப்பிடுகிறவள் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும்.

அசுந்தா.